எட்டுப் பாட்டுக்கும் ஒரே வரிதானா? "நாட்டுப்புறப் பாடல்" என்ற பெயரில் நடக்கும் கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். கோபம் வருபவர்களும் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம் மதுரைப் பக்கத்துக் கிராமியப் பாடகி ஒருவரின் ஆல்பத்தைப் பழைய மாணவர் ஒருவர் எனக்கு அனுப்பிவைத்தார். பெயர் சொல்லப் போவதில்லை. குறை அந்தப் பாடகியிடம் இல்லை, அதனால்தான். எட்டுப் பாட்டு. குரல் அருமை. தவில், உறுமி, பம்பை எல்லாம் காது கிழியாமல் அளவாக இருக்கின்றன. எட்டில் மூன்று, முளைப்பாரிக்குக் கும்மி கொட்டும்போது நாங்கள் பாடுகிற பாட்டு. ஒரு தாலாட்டு, ஓர் ஒப்பாரி. மீதி மூன்றும் அந்தப் பெண் தானே கட்டியவை. அதில் ஒரு பாட்டில் ஷேர் ஆட்டோ வருகிறது, செல்போன் ரீசார்ஜ் வருகிறது, நூறு நாள் வேலை வருகிறது.

கீழே விவரக் குறிப்பைப் பார்த்தேன். எட்டுப் பாட்டுக்கும் ஒரே வரி: "பாடல்: நாட்டுப்புறப் பாடல்." அதற்குக் கீழே கம்பெனி பெயர், ஆண்டு, "அனைத்து உரிமைகளும் எங்களுக்கே."

செல்போன் ரீசார்ஜ் எந்தப் பாட்டியம்மா காலத்து நாட்டுப்புறப் பாடல் ஐயா?

"இது ஒரு சின்ன விஷயம், இதுக்குப் போய் டீச்சர் இவ்வளவு பெரிய பதிவு போடணுமா" என்று கேட்பீர்கள். சின்ன விஷயம் இல்லை. அந்த ஒரு வரியில் இரண்டு திருட்டுக்கு வழி இருக்கிறது. எட்டுக்கும் "நாட்டுப்புறப் பாடல்" என்று போட்டதால் அந்தப் பெண் கட்டிய மூன்று பாட்டும் அநாதையாகின்றன. நாளைக்கு ஒரு சினிமாக்காரர் அதை எடுத்துப் போட்டு, "இது மக்கள் பாட்டுதானே" என்று சொன்னால் அவரிடம் கேட்க இவர் கையில் ஒன்றும் இல்லை. அதே எட்டுக்கும் "அனைத்து உரிமைகளும் எங்களுக்கே" என்று போட்டதால், ஊர்ப் பொம்பளைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிய ஐந்து பாட்டும் கம்பெனி சொத்து போல ஆகின்றன. சொந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரி இல்லை. பொதுப் பாட்டுக்கு முதலாளி உண்டு. கணக்கு தலைகீழாக இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பாட்டையும் புதுப் பாட்டையும் ஒரே ஆல்பத்தில் கலந்து போடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. "நாட்டுப்புறப் பாடகர் என்றால் பழசைத்தான் பாட வேண்டும், தானே எழுதினால் அது கலப்படம்" என்று மேடையில் பேசும் பேராசிரியர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கலப்பதுதான் இந்த மரபே. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் என்ன செய்தார்? மக்களுக்குத் தெரிந்த மெட்டில் தன் சொல்லைப் போட்டுப் பாடினார். முளைப்பாரியில் கும்மி கொட்டும் பெண்கள் என்ன செய்கிறார்கள்? பழைய அடி நான்கு, அந்த வருசத்து ஊர்ச் சங்கதி நான்கு. நம் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மாவும் அவருடைய கணவரும் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தார்கள், சேகரித்ததையும் பாடினார்கள், தாங்கள் கட்டியதையும் பாடினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் அவர். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். பாடுவதும் சேகரிப்பதும் கட்டுவதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது நமக்குப் புதிதல்ல.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பாப் டிலன் 1962இல் போட்ட முதல் ஆல்பத்தில் 13 பாட்டு. அதில் அவர் சொந்தமாக எழுதியவை இரண்டே இரண்டு. மீதி எல்லாம் முன்னோர் பாட்டும் மற்றவர்கள் பாட்டும். அவரை யாரும் கலப்படக்காரர் என்று சொல்லவில்லை. பின்னால் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

ஆகவே கலப்பது பிழையில்லை. எது எது என்று சொல்லாமல் கலப்பதுதான் பிழை. அரிசியில் பருப்பைக் கலந்து பொங்கல் வைப்பது சமையல். மூட்டையிலேயே கலந்து அரிசி விலைக்கு விற்பது வேறு தொழில்.

"நாட்டுப்புறப் பாட்டுக்கு ஏது டீச்சர் ஆசிரியர்? அது மக்கள் பாட்டு." இது எல்லோரும் சொல்லும் வாதம். கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும். கொஞ்சம் தோண்டினால் வேறு மாதிரி இருக்கிறது.

காவடி எடுத்துப் போகிறவர்கள் பாடும் காவடிச்சிந்தை நாட்டுப்புறப் பாட்டு என்றுதான் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதைப் பாடியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன் ஆதரவில் வாழ்ந்து 1891இல் சின்ன வயதிலேயே இறந்துபோன ஒரு மனிதர். வள்ளி திருமணம் நாடகத்தை விடிய விடியக் கேட்கிறோமே, அதற்குப் பின்னால் சங்கரதாஸ் சுவாமிகள் என்ற பெயர் இருக்கிறது. புதுமண்டபத்துக் கடைகளில் விற்ற சிந்துப் புத்தகங்களில் கூட, காலணாப் புத்தகமானாலும், கட்டியவர் பெயரை அட்டையில் அச்சடித்தார்கள். பாட்டு மக்களிடம் போய்ச் சேர்ந்தது என்பதால் கட்டியவர் இல்லாமல் போய்விடுவாரா?

நம் காலத்து உதாரணம் ஒன்று. "மனுசங்கடா" பாட்டை எழுதியவர் கவிஞர் இன்குலாப். அதை ஊர் ஊராகப் பாடிக் கொண்டுபோனவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைச் சீமை மாரந்தைக்காரர். சேகரித்த நாட்டுப்புறப் பாடல்களையும், இன்குலாப் போன்றவர்கள் எழுதிய பாடல்களையும் ஒரே மேடையில் பாடினார். அவருடைய குரலில் இரண்டும் ஒரே மண்ணிலிருந்து வந்ததாகத்தான் கேட்கும். அது அவருடைய பெருமை. ஆனால் இன்றைக்குப் பள்ளி விழாவிலும் கல்லூரி விழாவிலும் அந்தப் பாட்டை அறிவிக்கும்போது "அடுத்து ஒரு நாட்டுப்புறப் பாடல்" என்று சொல்வதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். இருவருமே 2016இல் மறைந்தார்கள். ஜனவரியில் குணசேகரன், டிசம்பரில் இன்குலாப். பத்து வருசத்துக்குள்ளேயே எழுதியவர் பெயரைத் துடைத்துவிட்டு அதற்கு "மரபு" என்று பெயர் வைக்கிறோம் என்றால், நூறு வருசத்துக்கு முன்னால் பாட்டுக் கட்டிய ஒரு நடவுக்காரப் பெண்ணின் பெயரை எவ்வளவு சுலபமாகத் துடைத்திருப்போம்? ஆசிரியர் பெயர் தெரியாத பாட்டுகள் பல, பெயர் கேட்கப்படாத பாட்டுகள்.

"மரபுப் பாட்டு" என்ற முத்திரை ஒரு ஏழைக் குடும்பத்தை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமா? தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜுலு பாடகர் 1939இல் "ம்பூபே" என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அமெரிக்காவில் அதைக் கேட்டவர்கள் ஆப்பிரிக்க மரபுப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு பாடினார்கள். 1961இல் அது ஆங்கிலத்தில் சிங்கம் தூங்குவதாக ஒரு பெரிய ஹிட் பாட்டானது. லிண்டா 1962இல் ஏழையாகவே இறந்தார். 1994இல் "லயன் கிங்" படத்திலும் அந்தப் பாட்டு வந்தது. அவருடைய மகள்கள் வழக்குப் போட்டு, சமரசம் ஏற்பட்டு, கைக்கு ஒரு நியாயம் வந்தது 2006இல். எத்தனை வருசம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். அத்தனைக்கும் அவர் முகம் தெரியாத ஆள் இல்லை. ரெக்கார்டு போட்ட பாடகர். அவர் கதியே இது என்றால், ரெக்கார்டே போடாத நம் கருப்பாயிகளும் முனியம்மாக்களும் என்ன ஆவார்கள்?

பெயர் சொன்னதால் நினைவு வருகிறது. கொல்லங்குடி கருப்பாயி 1985இல் "ஆண்பாவம்" படத்தில் நடித்தார், தானே பாடினார். பரவை முனியம்மா 2003இல் "தூள்" படத்தில் பாடித் தமிழ்நாடே அறிந்த முகமானார். இருவரும் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் எத்தனையோ வருசம் கோயில் கொடையிலும் பொங்கல் மேடையிலும் பாடியவர்கள். இருவர் பெயரும் நமக்குத் தெரிந்ததற்குக் காரணம், சினிமா அவர்கள் முகத்தைக் காட்டியது. முகம் காட்டாமல் குரலை மட்டும், அல்லது மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்தப் பெயர்களும் "நாட்டுப்புறப் பாடல்" என்ற ஒரே வரிக்குள் போயிருக்கும்.

இனி சட்டத்துக்கு வருவோம். நான் வக்கீல் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து வகுப்பெடுத்தவள். ஆனால் படித்தால் புரியும்படிதான் இருக்கிறது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஏ என்று ஒரு பிரிவு. ஒலிப்பதிவு வெளியிட்டால் மூன்று விவரம் போட வேண்டும் என்கிறது: பதிவு செய்தவர் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு. பாட்டை எழுதியவர் யார், எந்த ஊரில் கேட்டது, யார் சொல்லிக் கொடுத்தது என்பதை அந்தப் பிரிவு கேட்கவில்லை. அதனால்தான் கம்பெனிகள் அந்த மூன்றை மட்டும் ஒழுங்காகப் போடுகின்றன.

இன்னொன்று 31சி. 2012 திருத்தத்தில் வந்தது. ஒருவருடைய பாட்டை இன்னொருவர் மறுபடி பாடி வெளியிட வேண்டுமானால் ஐந்து ஆண்டு கழிய வேண்டும், முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், குறைந்தது 50,000 பிரதிக்கு உரிய தொகை கட்ட வேண்டும், அட்டையில் "இது மறுபாடல்" என்று போடவும் வேண்டும். சினிமாப் பாட்டை மறுபடி பாடினால் இத்தனை கட்டுப்பாடு. ஒரு கிழவி பாடிய ஒப்பாரியை மறுபடி பாடினால்? ஒன்றுமே கிடையாது. அந்தப் பாட்டில் யாருக்கும் பதிப்புரிமை இல்லை என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது. ஆனால் அதே ஒப்பாரியை ஸ்டுடியோவில் பதிவு செய்துவிட்டால், அந்தப் பதிவுக்கு 60 ஆண்டு உரிமை உண்டு.

இதில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. கம்பெனிக்கு இருப்பது அந்தப் பதிவின் மேல் உள்ள உரிமையும், புதிதாகச் சேர்த்த இசையமைப்பின் மேல் உள்ள உரிமையும்தான். பழைய சொல்லுக்கும் பழைய மெட்டுக்கும் அது உரிமையாளர் ஆக முடியாது. ஆனால் "அனைத்து உரிமைகளும் எங்களுக்கே" என்ற வரி இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. விளைவு என்ன? எங்கள் தெருப் பெண்கள் முளைப்பாரிக்குக் கும்மி கொட்டியதை ஒரு பையன் யூடியூபில் ஏற்றினான். ஒரு கம்பெனியிடமிருந்து காப்புரிமைக் கோரிக்கை வந்து நின்றது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அந்தப் பாட்டை அந்தக் கம்பெனி பிறப்பதற்கு முன்னாலிருந்து பாடிவரும் பெண்களிடம், "நீங்கள் பாடியது எங்கள் பாட்டு" என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்கிறது. பையன் பயந்துபோய் வீடியோவை எடுத்துவிட்டான். எதிர்த்து எழுதலாம் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும், இது எங்கள் ஊர்ப் பாட்டு என்று எந்தத் தாளைக் காட்டுவான்?

தாளே இல்லை என்பதுதான் பிரச்சினை. ஆனால் தாள் இருந்த காலமும் உண்டு. பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் "தமிழர் நாட்டுப்பாடல்கள்" தொகுத்து வெளியிட்டார். நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். பாட்டின் அடியில் உதவியவர், சேகரித்தவர், இடம் என்று விவரம் கொடுத்திருப்பார். விளாத்திகுளம் பக்கம் என்றால் விளாத்திகுளம் பக்கம் என்று இருக்கும். சேகரித்த போத்தையா பெயர் இருக்கும், கார்க்கி பெயர் இருக்கும். அவர்கள் பெரிய படிப்பாளிகள் என்பதற்காக அல்ல, நடந்து போய்க் கேட்டு எழுதியவர்கள் என்பதற்காக. அதற்கு முன்னால் 1958இல் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த "மலையருவி"யில், அந்தப் பாட்டுகளைச் சேகரித்தவர் பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி என்று பதிவாகியிருக்கிறது. ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த காலத்தில் மூன்று வரிக்கு இடம் இருந்தது. தட்டச்சு செய்தே போட்டுவிடக்கூடிய யூடியூப் காலத்தில் இடம் இல்லையாம்.

"ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் முக்கியமே இல்லை, நீங்கள்தான் பெரிதுபடுத்துகிறீர்கள்" என்பவர்களுக்கு 2021ஐ நினைவுபடுத்துகிறேன். "எஞ்சாய் எஞ்சாமி" வந்த வருசம். அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன். வள்ளியம்மாள் பாட்டியின் தேயிலைத் தோட்டத்துக் கதை அதில் இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது. கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள். அதே வருசம் ஒரு பத்திரிகை அட்டையில் அறிவின் படம் இல்லை என்று சர்ச்சை வந்தது. 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடியபோது, யார் எழுதியது, யார் மெட்டுப் போட்டது, யாருடைய உழைப்பு எவ்வளவு என்று ஊரறியப் பேச்சு நடந்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். படித்த, பேர் பெற்ற, இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆதரவு உள்ள கலைஞர்களுக்கே "இது யாருடையது" என்ற கேள்வி இவ்வளவு வலிக்கிறது என்றால், பேசுவதற்கு ஒரு செல்போன் கூடச் சொந்தமாக இல்லாத பெண்ணுக்கு வலிக்காது என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

"பாவம், பாடகியே கஷ்டப்பட்டுத்தான் ஆல்பம் போடுகிறார், அவர் தலையில் இந்தச் சுமை வேண்டுமா?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சுமை எவ்வளவு? பாட்டுக்கு மூன்று வரி. பணம் செலவில்லை. லாபம் யாருக்கு? முதல் லாபம் அந்தப் பாடகிக்கே. "இந்த மூன்றும் நான் எழுதியவை" என்று வெளியான தேதியோடு ஒரு வரி இருந்தால், நாளைக்கு யார் எடுத்தாலும் அதைக் காட்டலாம். எழுதியவருக்கு வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை என்று சட்டம் சொல்கிறது. அந்த உரிமையைத் தன் கையாலேயே "நாட்டுப்புறப் பாடல்" என்று எழுதித் தூக்கிக் கொடுப்பது தியாகம் ஆகாது. அறியாமையை அடுத்தவன் பயன்படுத்திக்கொள்வதுதான் நடக்கிறது. கையெழுத்துப் போடச் சொல்லும்போது ஒப்பந்தத்தில் எது பாட்டின் உரிமை, எது பதிவின் உரிமை என்று பிரித்து எழுதச் சொல்லும் தைரியமும் அந்த மூன்று வரியிலிருந்துதான் வரும்.

ஆகவே ஆல்பம் போடும் தம்பி தங்கைகளே, கம்பெனிக்காரர்களே, கேட்கிறேன்:

1. ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். சொந்தமா, சேகரித்ததா, வேறு கவிஞர் எழுதியதா, இன்னொருவர் ஆல்பத்திலிருந்து எடுத்ததா.

2. சேகரித்தது என்றால் ஊர், பாடிக் கொடுத்தவர் பெயர், கேட்ட ஆண்டு. அவர் பெயர் வேண்டாம் என்று சொன்னால் ஊர் மட்டும் போதும். ஆனால் அவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. பழைய பாட்டில் நீங்கள் அடி சேர்த்திருந்தால், "இத்தனை அடி நான் சேர்த்தது" என்று சொல்லுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பாட்டுக்கு ஆயுள் கூட்டியவர் நீங்கள்.

4. பணம் வந்தால், பாடிக் கொடுத்தவருக்கு ஒரு பங்கு. சட்டம் கேட்காது. மனச்சாட்சி கேட்கும்.

5. பொதுப் பாட்டின் மேல் "அனைத்து உரிமைகளும்" என்று போடாதீர்கள். "இந்தப் பதிவின் உரிமை" என்று போடுங்கள். ஊர்க்காரர்கள் பாடினால் கோரிக்கை அனுப்ப மாட்டோம் என்று சேர்த்துப் போட்டால் உங்கள் காலில் விழுவேன்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிகளில் கலைத் திருவிழா வந்துவிட்டது, நல்லது. நாட்டுப்புறப் பாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் யூடியூபைப் பார்த்துப் படித்துவிட்டு வருகிறார்கள். இருபது பிள்ளைகள் வந்தால் பத்துப் பேர் ஒரே பாட்டு, ஒரே இழுவை, ஒரே இடத்தில் ஒரே கையசைப்பு. அடுத்த முறை ஒரு விதி வையுங்கள்: பாட்டைத் தன் ஊரில் ஒருவரிடம் கேட்டு வர வேண்டும், பாடுவதற்கு முன் "இது இன்ன ஊரில் இன்னார் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாட்டு" என்று மைக்கில் சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து மதிப்பெண் வையுங்கள். வண்டியூரிலும் விரகனூரிலும் சிலைமானிலும் பாட்டுத் தெரிந்த கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். பேத்தி வந்து "ஆயா, அந்தப் பாட்டை ஒரு தடவை சொல்லு" என்று உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று சொல்கிற கிழவி எந்த ஊரிலும் கிடையாது.

மறுக்க நினைப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். ஒரே நிபந்தனை: மறுப்பதற்கு முன் உங்களுக்குப் பிடித்த நாட்டுப்புறப் பாட்டு ஒன்றின் ஊரையும், அதைப் பாடிக் கொடுத்தவர் பெயரையும் முதல் வரியில் எழுதுங்கள். எழுத முடிந்தால் எல்லோருக்கும் லாபம். முடியவில்லை என்றால் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று புரிந்திருக்கும்.

வண்டியூர், மதுரை.